மிச்சம் வைக்காமல் நீக்குவது எது? வேங்கிக்கால் சேவை மையக் கணினியில் மூன்று அன்இன்ஸ்டாலர்கள்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்கால் பெருந்திட்ட வளாகத்தில் இருக்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலையிலிருந்தே அந்தப் பக்கத்துச் சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் கூட்டம் சேர்ந்துவிடும். மனு தட்டச்சு, வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், ஓய்வூதியருக்கு வாழ்வுச் சான்று, விவசாயிக்கு பிஎம் கிசான் இ-கேஒய்சி என்று எல்லாமே ஒரு மேசையில், பெரும்பாலும் ஒரே கணினியில் நடக்கிறது.

அந்தக் கணினியில் என்னவெல்லாம் ஏறியிருக்கும்? கைரேகை மெஷினுக்கான மென்பொருளான ஆர்டி சர்வீஸ், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மென்பொருள், பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்கள், வானவில், பாமினி எழுத்துருக்கள், என்எச்எம் ரைட்டர் அல்லது அழகி, கணக்குக்கு டேலி, பிடிஎஃப் படிக்க ஒன்று, பிடிஎஃப் சேர்க்க இன்னொன்று, போட்டோ அளவைக் குறைக்க ஒன்று, காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்று. சில வருடங்களில் பாதி வேண்டாததாகிவிடும். வேண்டாததை எடுத்தாலும் முழுதாகப் போகாது. எதையோ புதிதாக ஏற்றப் போனால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று கணினி தடுக்கும். கடைசியில் "ஃபார்மட் அடிச்சிடலாம்ணா" என்பதே எல்லோரும் சொல்லும் வழி.

ஃபார்மட் அடிப்பது சுலபமாகத் தெரியலாம். ஆனால் டிரைவர்களைத் தேடிப் போட வேண்டும், மனு மாதிரிகளையும் எழுத்துருக்களையும் காப்பாற்ற வேண்டும், கைரேகை மெஷினை மறுபடி பதிய வேண்டும். அந்தப் பொழுது முழுக்க மேசை முன்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால் வேண்டாத மென்பொருளை மட்டும் சுத்தமாக எடுக்கும் கருவி எது என்பது இப்படிப்பட்ட கடைக்குப் பிழைப்போடு சேர்ந்த கேள்வி. அதைத்தான் இங்கே பார்த்திருக்கிறேன். பார்த்தபின் எனக்கு உறுதியான ஒன்று உண்டு. அதிக மிச்சத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தேடாதீர்கள். கண்டதைக் காட்டி, நம்மைக் கேட்டு, நாம் வேண்டாம் என்றதைத் தொடாமல் விடும் கருவியைத் தேடுங்கள்.

எடுத்தபின்னும் ஏன் தங்குகிறது?

விண்டோஸில் ஒரு மென்பொருளை ஏற்றும்போது, ரெஜிஸ்ட்ரியில் "அன்இன்ஸ்டால்" என்ற கிளையில் அது தன் பெயரையும், தன்னை எடுக்க எந்தக் கட்டளையை இயக்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறது. கன்ட்ரோல் பேனலில் நாம் காணும் பட்டியல் அந்தக் கிளையிலிருந்து வருவதுதான். அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் அந்தக் கட்டளையை இயக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எடுக்கிற வேலை முழுவதும் அந்த மென்பொருளைச் செய்தவர் எழுதிய நிரலின் பொறுப்பு.

இன்னோ செட்டப் கொண்டு பொதியப்பட்ட மென்பொருள்கள், ஏற்றும்போது போட்ட கோப்புகளையெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் குறித்துவைத்து, எடுக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து எடுக்கின்றன. எம்எஸ்ஐ வகையில் விண்டோஸ் இன்ஸ்டாலரே அந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது. இரண்டுமே ஏற்றிய அன்று வந்தவற்றைத்தான் அறியும். பிறகு அன்றாடம் ஓடும்போது உண்டான அமைப்புக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், தானே புதுப்பித்துக்கொண்டபோது இறங்கியவை எல்லாம் "ஆப்டேட்டா", "புரோகிராம்டேட்டா" கோப்புறைகளில் தங்கிவிடும். குடக்கூலிக்கு இருந்தவர் காலி செய்யும்போது, வந்த நாளில் எழுதிய சாமான் பட்டியலை மட்டும் பார்த்து மூட்டை கட்டினால் வீட்டில் என்ன மிஞ்சுமோ அதுதான் இங்கேயும் மிஞ்சுகிறது.

அன்இன்ஸ்டாலர் கருவிகள் செய்வதும் இதன் தொடர்ச்சிதான். முதலில் மென்பொருளின் சொந்த நீக்கியை இயக்குகின்றன. அது முடிந்ததும் அந்த மென்பொருளின் பெயர், நிறுவனப் பெயர், இருந்த கோப்புறை ஆகியவற்றைத் துப்பாக வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தேடுகின்றன. இது ஊகத்தில் நடக்கும் தேடல். ஊகம் தவறலாம் என்பதால்தான் கருவியின் நிதானம் முக்கியமாகிறது.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப்கள் தனிப் பொட்டலமாக வருபவை. அவற்றை விண்டோஸே ஓரளவு சுத்தமாக எடுத்துவிடும். இந்தக் கட்டுரையின் கவலை பழைய பாணியில் ஏற்றப்படும் மென்பொருள்களைப் பற்றியது.

எந்த மிச்சத்துக்குக் கவலைப்பட வேண்டும்?

ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அதில் நூறு வரி வீணாகக் கிடப்பதால் கணினியின் வேகம் உணரும்படி குறையாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. "1,200 பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று சிவப்பில் காட்டும் திரைகளுக்கு மயங்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய மிச்சம் வேறு வகை. கணினி தொடங்கும்போது தானே எழும் சர்வீஸ்கள், நேரம் குறித்து இயங்கும் பணிகள், டிரைவர்கள், ஆன்டிவைரஸ் கோப்பு அமைப்புக்குள் செருகிவைத்த வடிகட்டிகள், ரைட் கிளிக் பட்டியலில் ஒட்டியிருப்பவை. அடுத்த பதிப்பை ஏறவிடாமல் தடுக்கும் பழைய பதிவும் இதில் சேரும்.

வேங்கிக்கால் போன்ற இடத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கைரேகை மெஷின். ஆதார் சரிபார்ப்புக்கான மெஷின்கள் முன்பு எல்0 தரத்தில் இருந்தன. ரேகைத் தகவலுக்குக் கையொப்பமிடும் வேலையைக் கணினியில் இருக்கும் மென்பொருள் செய்தது. ஆதார் ஆணையம் எல்1 தரத்துக்கு மாறச் சொன்னது. இதில் கையொப்பமிடுவது மெஷினுக்குள்ளேயே, பாதுகாக்கப்பட்ட பகுதியில் நடக்கிறது. கடைக்காரர்கள் புது மெஷின் வாங்கினார்கள். புது மெஷினுக்குப் புது ஆர்டி சர்வீஸ். பழையதோ கணினியிலேயே கிடந்தது.

ஆர்டி சர்வீஸ்கள் கணினிக்குள் 11100 முதல் 11120 வரையிலான போர்ட்டுகளில் காத்திருக்கும். இணையதளம் அந்த எண்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து, பதில் சொல்வதோடு பேசும். பழைய சர்வீஸ் முதலில் பதில் சொன்னால், எதிரே புது மெஷின் பச்சை விளக்கோடு இருந்தாலும் திரையில் "டிவைஸ் நாட் ரெடி" என்றுதான் வரும். பென்ஷன் வாங்கும் பாட்டி விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார். கோளாறு அவர் விரலில் இல்லை, நீக்கப்படாத மென்பொருளில் இருக்கிறது. சுத்தமாக நீக்குவது மனிதருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சோதித்த முறை

விண்டோஸ் 10 இருந்த ஒரு மேசைக் கணினி, விண்டோஸ் 11 இருந்த ஒரு மடிக்கணினி. இரண்டிலும் சேவை மையங்களில் வழக்கமாக இருக்கும் மென்பொருள்களை ஏற்றி, சிறிது பயன்படுத்தி, பிறகு ஒவ்வொரு கருவியாலும் எடுத்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இருந்தாலும் கடைகளில் அது இன்னும் ஓடுகிறது என்பதால் அதையும் சேர்த்தேன்.

எடுத்தது உண்மையில் போயிற்றா என்று பார்க்க, எடுத்த கருவியின் வாக்குமூலத்தை நம்பவில்லை. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆட்டோரன்ஸ், டிசிபிவியூ இரண்டையும் சாட்சிக்கு வைத்தேன். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய இந்தத் தொகுப்பை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்றும் இலவசம். தானாகத் தொடங்கும் அனைத்தையும் ஆட்டோரன்ஸ் ஒரே பட்டியலில் காட்டும். கோப்பு போய்விட்டு அழைப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த வரி மஞ்சளாகும். எந்த போர்ட்டில் எது காத்திருக்கிறது என்பதை டிசிபிவியூ சொல்லும். நீங்கள் எந்த நீக்கியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸின் சொந்த வழி

முதலில் முயல வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கோப்புகளை விண்டோஸ் அடுத்த தொடக்கத்தில்தான் அழிக்கும். "மிச்சம்" என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு ரீஸ்டார்ட்டிலேயே போய்விடுகிறது.

கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு விண்டோஸின் விங்கெட் இருக்கிறது. பதிவு கெட்டுப்போய் எடுக்கவும் முடியாமல் மறுபடி ஏற்றவும் முடியாமல் நிற்கும் மென்பொருளுக்கு, மைக்ரோசாஃப்ட் தரும் "புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்" டிரபிள்ஷூட்டர் உதவுகிறது. அது செய்வது குறுகிய வேலை. தடுக்கும் பதிவை மட்டும் சரிசெய்கிறது, மிச்சத்தைத் தேடி அலைவதில்லை.

மைக்ரோசாஃப்ட் முன்பு "விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப் யூட்டிலிட்டி" என்ற கருவியைத் தந்துகொண்டிருந்தது. கணினியில் உள்ள மற்ற பாகங்களை அது சேதப்படுத்தக்கூடும் என்று 2010 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. விண்டோஸைச் செய்தவர்களே ஆழமாகத் துடைக்கும் கருவியில் தடுமாறியிருக்கிறார்கள் என்றால், மற்றவர்களிடம் நாம் எவ்வளவு நிதானத்தை எதிர்பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்.

கீக் அன்இன்ஸ்டாலர்: பென்டிரைவில் ஒன்று

ஒரே ஒரு கோப்பு, சில எம்பி அளவு. இதை ஏற்ற வேண்டியதில்லை. பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் இயக்கலாம். மென்பொருளை நீக்கவென்று இன்னொரு மென்பொருளை ஏற்றாமல் இருப்பது பெரிய நிம்மதி.

திறந்ததும் பட்டியல் வருகிறது. வேண்டாததை இருமுறை கிளிக் செய்தால் அதன் சொந்த நீக்கி இயங்குகிறது. முடிந்ததும் மிச்சமான கோப்புறைகளும் ரெஜிஸ்ட்ரி வரிகளும் டிக் பெட்டிகளோடு முன்னால் வருகின்றன. பட்டியல் சிறியதாக இருப்பதால் ஒவ்வொன்றையும் படித்து முடிவு செய்ய முடிகிறது. பிடிஎஃப் மென்பொருள்கள், போட்டோ மென்பொருள் போன்றவற்றில் இது தேவையானதைச் செய்தது. எடுத்தபின் ஆட்டோரன்ஸில் மஞ்சள் வரி எதுவும் இல்லை.

சொந்த நீக்கியே காணாமல்போன மென்பொருளுக்கு "ஃபோர்ஸ் ரிமூவல்" உண்டு, அதுவும் இலவசப் பதிப்பிலேயே. பட்டியலில் வெறும் பெயராக மட்டும் தங்கிவிட்டதை எடுக்க "ரிமூவ் என்ட்ரி" இருக்கிறது. ஸ்டோர் ஆப்களைத் தனியாகக் காட்டும் வசதியும் உண்டு.

கைரேகை மெஷினின் பழைய மென்பொருளை எடுத்தபோது, கோப்புறையையும் ரெஜிஸ்ட்ரி வரிகளையும் பிடித்தது. டிரைவர் மட்டும் விண்டோஸின் டிரைவர் ஸ்டோரில் அப்படியே இருந்தது. இந்த வகைக் கருவிகள் பொதுவாக அந்தக் களஞ்சியத்தில் கைவைப்பதில்லை. அதற்கு விண்டோஸின் பிஎன்பியூட்டில் கட்டளையைத்தான் நாட வேண்டும்.

இரண்டு குறைகள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மேலும் இலவசப் பதிப்பு சொந்தப் பயன்பாட்டுக்கானது. கடையில் தொழிலுக்கு வைப்பதென்றால், கிரிஸ்டல்ஐடியா நிறுவனத்தின் "அன்இன்ஸ்டால் டூல்" என்ற கட்டணப் பதிப்பை வாங்க வேண்டும். வீட்டுக் கணினிக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

ரெவோ அன்இன்ஸ்டாலர்: படிப்படியாக நடத்துவது

பல்கேரியாவின் விஎஸ் ரெவோ குழுமத்தின் கருவி. இலவசம், புரோ என்று இரு வகை. இந்தத் துறையில் பலர் முதலில் கேள்விப்படும் பெயர் இதுதான்.

ரெவோவின் பலம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. எடுக்கத் தொடங்கும் முன் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்குகிறது. பிறகு சொந்த நீக்கி. அதன்பின் "சேஃப்", "மாடரேட்", "அட்வான்ஸ்டு" என்ற மூன்று நிலைகளில் எந்த ஆழத்தில் தேடலாம் என்று கேட்கிறது. ரெஜிஸ்ட்ரி மிச்சத்தைக் கிளையாக விரித்துக் காட்டும்போது, தடித்த எழுத்தில் இருப்பவை மட்டுமே அழிக்கப்படுபவை. மற்றவை இருக்கும் இடத்தைக் காட்டும் வழித்தடங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலைப் பார்ப்பவர் பயந்துவிடுவார். தெரிந்துகொண்டால் இதைவிடத் தெளிவான திரை கிடையாது.

மாடரேட் நிலையே போதும் என்பது என் முடிவு. அட்வான்ஸ்டு நிலையில் மிச்சம் கூடுதலாகக் கிடைத்தது, ஆனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்களில் ஒன்றை மட்டும் எடுக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான கிளையும் பட்டியலில் வந்து நின்றது. பிரிண்டரும் ஸ்கேனரும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கும் கடைகளில் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்கேனர் மென்பொருளை எடுக்கப் போய் பிரிண்டர் நின்றுவிட்டால் அன்றைய வியாபாரம் போனது.

"ஹண்டர் மோட்" என்ற வசதி பயனுள்ளது. திரையின் ஓரத்தில் அடிக்கடி எழும் ஒரு பெட்டி எந்த மென்பொருளுடையது என்று தெரியாதபோது, குறிபார்க்கும் சின்னத்தை அதன்மேல் இழுத்துப்போட்டால் ரெவோ அதன் மூலத்தைப் பிடித்து, எடுக்கவா என்று கேட்கிறது. பெயர் தெரியாத விளம்பர மென்பொருள்களை அடையாளம் காண இது நல்ல வழி.

புரோ பதிப்பில் கூடுவது "டிரேஸ்". மென்பொருள் ஏறும்போதே ரெவோ உடனிருந்து, அது தொடும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்கிறது. பிறகு எடுக்கும்போது ஊகத்துக்கு வேலை குறைகிறது. அடிக்கடி புதுப்புது மென்பொருள்களை ஏற்றிப் பார்ப்பவருக்கு இது காசுக்குத் தகும். ஏற்கெனவே ஏறிவிட்டதற்கு டிரேஸ் உதவாது. வேங்கிக்கால் கடைக்காரரின் சிக்கல் பெரும்பாலும் பழையதைப் பற்றியது, அதனால் அவர் புரோவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர்: மொத்தமாகத் துடைப்பது

சுருக்கமாக பிசியூ என்கிறார்கள். மார்சின் ஷெனியாக் எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். நிர்வாகி அதிகாரத்தோடு ஓடி ரெஜிஸ்ட்ரியை அழிக்கும் ஒரு கருவிக்கு இந்த வெளிப்படைத்தன்மை பெரிய தகுதி.

திரையைப் பார்த்தால் முதலில் மலைப்பாக இருக்கும். பட்டியல் வர நேரமெடுக்கும், நிறையப் பத்திகள், நிறையச் சின்னங்கள், வண்ணங்கள். அந்த வண்ணங்கள் வீண் அலங்காரம் இல்லை. எந்த மென்பொருளின் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது, எதற்கு நீக்கியே இல்லை, எது பதிவின்றிக் கோப்புறையாக மட்டும் கிடக்கிறது என்று அவை சொல்கின்றன. கன்ட்ரோல் பேனலில் வராத அநாதை மென்பொருள்களையும் கண்டுபிடிப்பது இதன் தனிச்சிறப்பு.

மொத்த வேலையில்தான் பிசியூ மற்ற இரண்டையும் முந்துகிறது. வேண்டாதவற்றையெல்லாம் டிக் செய்து ஒரே கட்டளை கொடுத்தால், "நெக்ஸ்ட்", "யெஸ்" என்று கேட்காமல் எடுக்கக்கூடியவற்றை அமைதியாக எடுத்துக்கொண்டே போகிறது. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினி தம்பி கைக்கு மாறியிருக்கும் வீடுகள் மாவட்டம் முழுக்க உண்டு. அப்படிக் கைமாறிய கணினியைத் துடைத்துக் கொடுக்க இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை.

என் அளவுகோலின்படி பார்த்தாலும் பிசியூ முன்னால் நிற்கிறது. கிடைத்த ஒவ்வொரு மிச்சமும் இந்த மென்பொருளுடையதுதான் என்பதில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைப் பக்கத்திலேயே மதிப்பிட்டுக் காட்டுகிறது. "வெரி குட்", "குட்" என்றிருப்பதை எடுக்கலாம். "கொஸ்டினபிள்" என்றிருப்பதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். "பேட்" என்றிருப்பதைத் தொடவே வேண்டாம். தன் ஊகத்தின் பலவீனத்தைத் தானே எழுதிவைக்கும் கருவியை நம்பலாம். ரெஜிஸ்ட்ரியில் எடுக்கப்போவதன் நகலைச் சேமித்துக்கொள்ளவும் அது கேட்கிறது. ஃபயர்வால் விதிகளில் தங்கியிருப்பதையும் தேடித் தருகிறது.

குறை என்றால், பழகாதவர் கையில் கொடுத்துவிட்டு நகர முடியாது. ஒரே நேரத்தில் பலவற்றை எடுக்கும் வேகம் தவறான டிக்குக்கும் அதே வேகத்தைக் கொடுக்கும். முதல் சில முறை ஒவ்வொன்றாகவே எடுத்துப் பழகுங்கள்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பது

நீக்கும் கருவிகள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. அவற்றிலேயே விஷம் கலந்தால் என்னாகும் என்பதை 2017 காட்டியது. சிகிளீனரின் 5.33 பதிப்பில், தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே தீநிரல் சேர்ந்து இறங்கியது. அதை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தை அவாஸ்ட் அப்போதுதான் வாங்கியிருந்தது. செப்டம்பரில் விஷயம் வெளிவந்தபோது, பாதிக்கப்பட்ட பதிப்பு சுமார் 22.7 லட்சம் கணினிகளில் இருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. ஒரே கணினியில் பல துடைப்பான்களை நிரந்தரமாக ஏற்றிவைக்காதீர்கள். பின்னணியில் எப்போதும் ஓடும் துடைப்பானைவிட, வேண்டும்போது மட்டும் இயங்கும் போர்ட்டபிள் வகை மேல். சொந்தத் தளமும் முழுக் காப்பு இல்லைதான், ஆனாலும் கருவியை அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். "கிராக்" போட்ட புரோ பதிப்பைக் கையாலும் தொடாதீர்கள். ஆதார் ரேகையும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினியில் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

பொதுக் கருவி போதாத இடங்கள்

ஆன்டிவைரஸை இந்த மூன்றாலும் எடுக்க முயலாதீர்கள். அவை தங்களை யாரும் எடுத்துவிடாதபடி பாதுகாத்துக்கொள்ள எழுதப்பட்டவை. மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கை எல்லாமே தங்கள் சொந்த நீக்கும் கருவியைத் தனியாகத் தருகின்றன. முதலில் அதைத்தான் இயக்க வேண்டும். கிராஃபிக்ஸ் டிரைவருக்கு "டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்" என்ற தனிக் கருவி உண்டு, அதை சேஃப் மோடில் இயக்குவது முறை. அடோபி கிரியேட்டிவ் கிளவுடுக்கு அடோபியே ஒரு கிளீனர் டூல் தருகிறது.

இடம் மிச்சமாகும் என்று விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "இன்ஸ்டாலர்" என்ற மறைந்த கோப்புறையைக் காலி செய்வோர் உண்டு. அங்கே இருப்பவை எம்எஸ்ஐ மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் நீக்கவும் பின்னால் தேவைப்படுபவை. அதைக் காலி செய்தால் நாளை அவற்றை முறையாக எடுக்கவே முடியாது.

பொத்தானை அழுத்துமுன்

சில பொருள்களை எந்தக் கருவியும் நமக்காகக் காப்பாற்றாது.

டேலியை வேறு கணினிக்கு மாற்றுவதென்றால், எடுப்பதற்கு முன் உரிமத்தை "சரண்டர்" செய்ய வேண்டும். கணக்குத் தரவு, டேலிபிரைமில் மாற்றாமல் விட்டிருந்தால், சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற வழியில் இருக்கும். அதை வெளியே நகலெடுத்து வையுங்கள். மிச்சப் பட்டியலில் அந்தக் கோப்புறை வந்து நின்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். கருவியின் கண்ணுக்கு அது மிச்சம், வியாபாரிக்கு அது வருடக் கணக்கு.

தமிழ் எழுத்துருக்களுக்கும் இதே கவனம் வேண்டும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் கடைகளில் இருக்கும் பழைய மனு மாதிரிகள் பல வானவில், பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில்தான் இருக்கின்றன. அந்த எழுத்துருவைக் கொண்டுவந்த மென்பொருளோடு எழுத்துருவும் போய்விட்டால், மனு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்புகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மென்பொருளைத் தொடுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் டோக்கனுக்குள்ளே இருக்கிறது. அதன் மென்பொருளைக் கணினியிலிருந்து எடுப்பதால் கையொப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி ஏற்றும்போது டோக்கனை "இனிஷியலைஸ்" செய்யும் வாய்ப்பு வந்தால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது உள்ளிருப்பதை அழித்துவிடும்.

கடைசியாக, மீட்புப் புள்ளி. பல கணினிகளில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே கிடக்கிறது. அது அணைந்திருந்தால் கருவி கேட்டாலும் புள்ளி உருவாகாது. முதலில் அதை இயக்கிவிட்டு வாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வீட்டுக் கணினி வைத்திருப்பவர், மாதத்தில் ஒன்றிரண்டை எடுப்பவர்: கீக் அன்இன்ஸ்டாலர். பயப்படுத்தாது, ஏற்ற வேண்டியதில்லை, முடித்ததும் மூடிவிடலாம்.

கணினி பழகத் தொடங்கியிருப்பவர், ஒவ்வொரு படியிலும் யாராவது கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று விரும்புபவர்: ரெவோவின் இலவசப் பதிப்பு, மாடரேட் நிலையில். வாரந்தோறும் புது மென்பொருள் ஏற்றிப் பார்ப்பவருக்கு மட்டும் புரோ.

சேவை மையம், டிடிபி கடை, கணினி பழுது பார்ப்பவர், பள்ளிக் கணினி அறை: பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர். உரிமச் சிக்கல் இல்லை, பலவற்றை ஒன்றாக எடுக்கிறது, தன் ஊகத்தின் அளவைச் சொல்கிறது. வேங்கிக்காலில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூடவே ஆட்டோரன்ஸும் டிசிபிவியூவும் அதே பென்டிரைவில் இருக்கட்டும்.

வேலை வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். தரவை நகலெடுங்கள், மீட்புப் புள்ளி போடுங்கள், நிறுவனமே நீக்கி தந்திருந்தால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் தேர்ந்தெடுத்த கருவியால் எடுங்கள், மிச்சப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஆட்டோரன்ஸில் சரிபாருங்கள். கைரேகை மென்பொருளென்றால் 11100 முதல் 11120 வரை யார் காத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் சிக்கல் தீரவில்லையென்றால் அப்போது ஃபார்மட் அடிக்கலாம். திங்கள்கிழமையில் மட்டும் வேண்டாம். இந்த வேலைக்கு வாரக் கடைசியை ஒதுக்கிவையுங்கள்.